ஏழு முடிச்சு ஆழம்

மண்மேட்டைக் கீழே இருந்து குடைகிறவன் எவனும் அண்ணாந்து பார்க்க மாட்டான். பார்த்தால் கை ஓடாது. பார்க்கிற வேலை வெளியே நிற்கிறவளுக்கு. வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்த நரிமேட்டுக் கிராவல் குழியில் அந்த வேலை அம்சவல்லிக்கு வந்து சேர்ந்தது. யாரும் கொடுக்கவில்லை. அவளாகத்தான் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

வருசம் எழுபத்தாறோ எழுபத்தேழோ, சரியாக நினைவில்லை. குன்றத்தூர்ப் பக்கம் ஏதோ கம்பெனி வருகிறதென்று பள்ளத்தையெல்லாம் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். நரிமேட்டுச் செம்மண் லாரி லாரியாக அங்கே போனது. ஆறு மாசம் வயலில் வேலை, ஆறு மாசம் கொட்டாவி என்று இருந்த சனங்களுக்குத் தினமும் வேலை கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆம்பிளைகள் வெட்டுவார்கள். பொம்பிளைகள் கூடையில் வாரிக்கொண்டு பலகை மேல் ஏறி லாரியில் கொட்டுவார்கள். பெரும்பாலும் புருசனும் பொண்டாட்டியும் ஒரு ஜோடி.

அந்த மேடு ரெண்டரை ஆள் உயரம். மேலிருந்து படிபடியாக வெட்டி இறக்கினால் ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் அப்படி வெட்டினால் ஒரு லாரி நிரம்ப அரை நாள் ஆகும். அதனால் அங்கே எல்லாரும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். மேட்டின் அடியில் பொந்து மாதிரி குடைவது. மூணு முழம் குடைந்ததும் வெளியே வந்துவிட்டு, மேலே ஏறி ஓரமாக வரிசையாய் அஞ்சாறு கடப்பாறை இறக்கி, தண்ணி ஊற்றி நெம்பினால் மொத்த மேடும் பொதக்கென்று உட்காரும். மண் பொலபொலவென்று கிடக்கும், வாரிக்கொண்டே இருக்கலாம். குடைகிறவன் வெளியே வருகிற வரைக்கும் மேடு பொறுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதிலிருக்கிற சூட்சுமம்.

அந்தக் குடையும் வேலையில் அம்சவல்லியின் புருசன் முனிரத்தினத்துக்கு இணை கிடையாது. வீட்டில் அவன் பூனை. காலையில் மகள் சரோஜாவை மடியில் உட்கார வைத்து எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, ரெட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற ஆள். "ஏம்பா, எங்க ஆம்பள பின்னுற பின்ன பாத்தியா, கோணாம கொள்ளாம" என்று அம்சவல்லியே பெருமையாகச் சொல்லுவாள். குழிக்குள் இறங்கினால் ஆள் வேறே. மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் பொந்துக்குள் நுழைந்தான் என்றால் மேலே பொசுபொசுவென்று மண் உதிர்ந்தாலும் அசைய மாட்டான். மேடு ஒரு சத்தம் கொடுக்கும், சுள்ளி முறிகிற மாதிரி. அதைக் கேட்ட பிறகும் ரெண்டு வெட்டு வெட்டிவிட்டுத்தான் வெளியே வருவான். மற்றவர்கள் விசில் அடிப்பார்கள். அம்சவல்லி கூடையைக் கீழே போட்டுவிட்டு மேட்டையே அண்ணாந்து பார்ப்பாள்.

அந்த வருசம் ஆடி மாசம் பக்கத்துக் குழியில் ரகுபதி என்கிற பிள்ளைப்பாக்கத்துப் பையனை மேடு போட்டு மூடிவிட்டது. கல்யாணமாகி எட்டு மாசம். முனிரத்தினம் ஓடிப்போய்த் தோண்டிவிட்டு வந்தவன், சாயங்காலம் களியில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எங்க தோண்டினீங்க?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"மம்பட்டி கெடந்த எடத்துல. காம்பு மட்டும் வெளிய தெரிஞ்சிது. பத்து பேரு அங்கியே தோண்டினோம்."

"ஆளு?"

"நாலு முழம் இந்தாண்ட கெடந்தான். சத்தம் கேட்டதும் மம்பட்டிய அப்டியே போட்டுட்டு எதிர்ப்பக்கமா ஓடிக்கிறான். அது எங்களுக்கு இன்னா தெரியும்?"

"உசுரு இருந்துச்சா?"

முனிரத்தினம் களித் தட்டைத் தள்ளி வைத்தான். "ஒடம்பு சூடா இருந்துச்சு அம்சா. இன்னும் கொஞ்சம் முன்னாடி அந்தப் பக்கம் தோண்டியிருந்தா..."

அந்த நாலு முழம் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. ரெண்டு நாள் ராத்திரி தூங்கவில்லை. மூணாம் நாள் கிணற்றடித் தாம்புக் கயிற்றை எடுத்து உட்கார்ந்தாள். தன் கையால் முழம் போட்டு, முழத்துக்கு ஒரு முடிச்சாக இருபது முடிச்சு போட்டாள். செம்மண்ணில் எந்தத் துணி பளிச்சென்று தெரியும் என்று யோசித்து, தன்னுடைய பழைய கிளிப்பச்சைப் பாவாடையைக் கிழித்து ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நாடாவைக் கட்டினாள். ஒரு நுனியை அவன் இடுப்பில் கட்டிவிடுவது, மறுநுனியை அவள் வெளியே பிடித்துக்கொள்வது. மேடு விழுந்தால் வெளியே எத்தனை முடிச்சு தெரிகிறது என்று எண்ணினால் போதும். பதினாறு வெளியே என்றால் ஆள் உள்ளே நாலு முழத்தில். கயிறு போகிற வழியில் கையை விட்டுத் தோண்டினால் ஆள். பள்ளிக்கூடம் ஒதுங்காத பொம்பிளைக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ!

மறுநாள் குழியில் ஒரே கூத்து.

"இன்னாமே அம்சா, புருசனக் கட்டி மேய்க்கிறியா?" என்றாள் ஞானம்மா. அவளும் கூடைக்காரிதான். வாய்க்கு வரி கிடையாது அவளுக்கு. அவள் புருசன் மண்ணாங்கட்டி முனிரத்தினத்துக்கு அடுத்த கெட்டிக்காரக் குடைகாரன்.

லாரி டிரைவர் பாண்டுரங்கன் வண்டியை விட்டு இறங்காமலே தலையை நீட்டினான். "நம்ப புலி பாவாட கட்டிகிச்சுடோய்!"

மேஸ்திரி சுப்பராயன் முகத்தைச் சுளித்தார். வயசானவர். கெட்டவர் இல்லை, லோடு லோடு என்று பறக்கிற மனுசன், அவ்வளவுதான். "இது குழிமே, தொட்டிலு இல்ல."

"தொட்டிலுதான் மேஸ்திரி," என்றாள் அம்சவல்லி. "எங்கம்மா நடவுக்குப் போச்சுன்னா என் இடுப்புல பழம்பொடவ கட்டி வரப்புல கீற பனங்கன்னுல கட்டிட்டுத்தான் எறங்கும். பக்கத்துல கெணறு. நான் அழுதழுது பாப்பேன், கெணத்தாண்ட போவ முடியாது. இன்னிக்கி உங்களாண்ட நின்னு பேசறேனா இல்லியா?"

முனிரத்தினம் காது சிவக்க நின்றான். கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ரெண்டு நாளாகத் தூங்காத கண். "உடுங்கப்பா, கட்டிகினா இன்னா கொறஞ்சா பூட்ச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான். அன்றைக்கு அவள் அந்த ஆளை எத்தனை ஆசையாய்ப் பார்த்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ரெண்டாம் நாள் பொந்திலிருந்து வெளியே வந்தவன், "இன்னா அம்சா, கயிறு கடகடன்னு ஆடுது?" என்று கேட்டான்.

"வண்டி ஸ்டார்ட்டுலயே கீது இல்ல, அந்த ஆட்டம்."

அதுவும் நம்பும்படிதான் இருந்தது. பாண்டுரங்கன் வண்டியில் பேட்டரி செத்து ஆறு மாசம். அணைத்தால் பத்துப் பேர் தள்ள வேண்டும், குழிக்குள் தள்ள எங்கே இடம்? அதனால் காலையில் வந்து வண்டியின் பின்புறத்தை மேட்டுப் பக்கம் காட்டி நிறுத்தியதிலிருந்து கடைசி லோடு வரை இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பின்கதவுச் சங்கிலி ஜல்ஜல்லென்று ஆடும். மூணாம் நாளிலிருந்து அம்சவல்லி கயிற்றை அந்தக் கதவுக் கொக்கியில் ஒரு சுற்று சுற்றி, மீதியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றான் பாண்டுரங்கன்.

"பலத்துக்கு" என்றாள்.

புரட்டாசியில் ஒரு நாள், முந்தின ராத்திரி பெய்த தூறலில் ஊறியிருந்த மேடு, சத்தமே கொடுக்காமல் ஓரமாகச் சரிந்தது. பெரிய சரிவு இல்லை. ஆனாலும் முனிரத்தினம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது, ஆள் இல்லை. ஞானம்மா "ஏசப்பா!" என்று அலறினாள். அம்சவல்லி அலறவில்லை. கயிற்றை எண்ணினாள். "பதினேழு. பதினேழு வெளிய! உள்ள மூணு முழம்தான்! மம்பட்டி வேணாம், கையால தோண்டுங்க!"

மண்ணாங்கட்டி நாய் மாதிரி ரெண்டு கையாலும் பறித்தான். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆகியிருக்காது, முனிரத்தினத்தின் தலைமயிர் கைக்குக் கிடைத்தது. முகத்தை வெளியே எடுத்ததும் வாய் மண்ணைத் துப்பிவிட்டு அவன் கேட்ட முதல் பேச்சு, "பீடி கீதா?"

குழி முழுக்கச் சிரித்தது. அம்சவல்லி மட்டும் லாரிச் சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, வல்லக்கோட்டை முருகா, உனக்கு ஒரு முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மறுநாளிலிருந்து அந்தக் கயிற்றுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. பாவாடை என்று சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. ஞானம்மா தன் மஞ்சள் ஜாக்கெட்டைக் கிழித்து மண்ணாங்கட்டிக்கு ஒரு கயிறு செய்தாள். மேஸ்திரி அம்சவல்லிக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் முனிரத்தினம் மூணு முழத்தில் நிறுத்தாமல் நாலாவது முடிச்சு வரைக்கும் உள்ளே போனான்.

"வா வெளிய, நாலு ஆயிடுச்சி!" என்று கத்தினாள்.

"கயிறு கீதுமே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாலு முழம் குடைந்தால் விழுகிற மண் ஒன்றரை மடங்கு. மறுநாள் மண்ணாங்கட்டியும் நாலு. வாரம் திரும்புவதற்குள் அஞ்சு. அதுவரைக்கும் ஆழத்துக்குக் கணக்கே கிடையாது, குத்துமதிப்பு, பயம் வந்தால் வெளியே வருவது. இப்போது பச்சை நாடா கணக்குச் சொன்னது. "உம்புருசன் எத்தினி முடிச்சி?" "எங்காளு அஞ்சி." ஆள் எங்கே கிடக்கிறான் என்று தேட அவள் போட்ட முடிச்சு, எவன் பெரிய ஆள் என்று அளக்கிற கோலாகிவிட்டது. பாண்டுரங்கன் போகிற வழியெல்லாம், ஒரகடம் டீக்கடை வரைக்கும், அதைச் சொல்லிக்கொண்டே போனான்.

ஐப்பசி பிறந்ததும் மண்ணாங்கட்டி ஆறு போட்டான். ஆறு முழம் என்றால் ஆள் முழுசாக உள்ளே, குரல் கூடக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. வெளியே வந்து முனிரத்தினத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "இன்னா மாமே, மீச சும்மா வளக்கறதுக்கு மட்டுந்தானா?"

"ஏழு போடறேன்டா. போடலன்னா மீசய எடுத்துட்றேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா!"

அன்றைக்குச் சாயங்காலம் கருவாட்டுக் குழம்பும் களியும் வைத்துவிட்டு அம்சவல்லி அவன் எதிரில் உட்கார்ந்தாள். சரோஜா சாப்பிட்டுவிட்டுச் சிலேட்டோடு தெருவாசலில் இருந்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"நீ மாமான்னாலே பேஜாருதான். சொல்லு."

"ஏழு வேணாம்."

"வாக்கு குடுத்துட்டேன்டி. நாலு பேரு எதிருல."

"மீச போனா மொளைக்கும்."

அவன் சிரித்தான். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தான். "உனுக்கு இன்னா பயம்? நீ கட்டின கயிறுதானே. அன்னிக்கி மாதிரி எடுத்துட்ற."

"அன்னிக்கி மூணு முழம். ஓரமா வுழுந்த பொடி மண்ணு. ஏழு முழத்துல மொத்த மேடும் ஒக்காந்தா, கயிறு எங்க போவுதுன்னு தெரியும், அவ்ளோதான். தோண்டறதுக்குள்ள..." ரகுபதியின் சூடான உடம்பு ஞாபகத்துக்கு வந்தது. "யோவ், நான் கயிறு கட்டலன்னா நீ மூணுலயே நின்னிருப்ப இல்ல?"

முனிரத்தினம் யோசித்தான். பொய் பேசத் தெரியாத ஆள். "ஆமா. மூணு மூணரை. அதுக்கு மேல பயம் வந்துடும்."

"இப்போ?"

"இப்போ நீ புடிச்சிகினு கீறன்னு தெரியும். பயம் வர்ல."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டுவிடலாம். போட்டால்? மண்ணாங்கட்டியின் கயிற்றை இரவல் வாங்குவான். அதுவும் இல்லாவிட்டால் கயிறில்லாமலே போவான், உள்ளே போய்ப் பழகிவிட்ட காலாயிற்றே. கட்டினாலும் வினை, கட்டாவிட்டாலும் வினை. தன் கையாலேயே புருசனுக்குக் குழி வெட்டிக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் முனிரத்தினம் அஞ்சு முழம் குடைந்து முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையில்லை, ஐப்பசி அடை மழை. பொந்தை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். ஆறு நாள் சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. குழி வேலை இல்லாமல் வீட்டில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும்தான். முனிரத்தினம் மகளுக்கு ஒரு நாளைக்கு மூணு தரம் தலை பின்னினான். கூரை ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துக்கொண்டே அம்சவல்லி வேண்டினாள், இந்த மழையிலேயே அந்த மேடு தானாக விழுந்துவிடட்டும் என்று.

ஏழாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. போய்ப் பார்த்தால் மேடு நின்றுகொண்டிருந்தது. அடியில் அஞ்சு முழப் பொந்து வாயைத் திறந்தபடி இருந்தது.

லாரி வரவில்லை. வண்டி வருகிற பாதையில் வாய்க்கால் சேற்றில் சிக்கிக்கொண்டது என்று ஆள் வந்து சொல்லவும், மேஸ்திரி பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு தள்ளப் போனார். போகும்போது, "வண்டி வர்றதுக்குள்ள கொடஞ்சி வெய்யிப்பா முனிரத்தினம், கம்பெனிக்காரன் உசுர எடுக்கறான்" என்றார்.

"அதுக்கென்னா, ரெண்டு முழந்தானே" என்றான் முனிரத்தினம். கோவணத்தை இறுக்கிக்கொண்டு, தூக்குவாளியிலிருந்து கூழை ஊற்றி வெங்காயத்தைக் கடித்தான். மண்ணாங்கட்டி குந்தி உட்கார்ந்து, "சாப்புடு மாமே, கடசி கூழு மீசயோட" என்று வம்பிழுத்தான்.

அம்சவல்லி சுற்றிக்கொண்டு மேலே ஏறி மேட்டின் உச்சியைப் பார்த்தாள். விளிம்பிலிருந்து ரெண்டு முழம் தள்ளிப் புல்லுக்கு நடுவே ஒரு கோடு ஓடியது. முந்தின வாரம் அது இல்லை. வெயில் பட்டு அதிலிருந்து லேசாக ஆவி வந்தது. சொன்னால் என்ன சொல்லுவான்? கயிறு கீதுமே என்பான். அவள் கீழே இறங்கி வந்தாள். முந்தானையை வரிந்து கட்டினாள். கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் இறுக்கி முடிச்சு போட்டாள். மறுநுனியைக் கொண்டுபோய் கூழும் கையுமாக இருந்தவன் மடியில் வைத்தாள்.

"புடி."

"இன்னாடி இது?"

"நீதானே சொன்ன, புடிச்சிகினு இருந்தா பயம் வராதுன்னு. நீ புடி. நான் ஏழு போடறேன்."

அவன் சிரித்தான். மண்ணாங்கட்டியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சின்னக் கடப்பாறையை எடுத்துக்கொண்டு குனிந்து பொந்துக்குள் போய்விட்டாள்.

உள்ளே குளிர்ந்தது. ஈரமண் வாசனை மூக்கை அடைத்தது. வெளிச்சம் முதுகுப் பக்கம் ஒரு தட்டு அளவுக்குத்தான் இருந்தது. மேலே ஏதோ ஒரு வேர் அறுந்து தொங்கி, அதன் நுனியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அவள் கழுத்தில் விழுந்தது. இங்கேதான் தினமும் உட்கார்ந்து என் ஆம்பிளை வெட்டினானா என்று நினைத்ததும் அவளுக்கு மனசு உருகியது. மண்டி போட்டு ஒரு குத்து குத்தினாள். மண் வெண்ணெய் மாதிரி வந்தது. இன்னொரு குத்து.

"அம்சா! வெளையாடாத! வா வெளிய!"

"ஆறு கூட ஆவல. கம்னு கயிற புடி!"

அப்போதுதான் இடுப்பில் தெரிந்தது. கயிறு ஆடியது. கடகடவென்று, நிற்காமல், இடுப்பெலும்பு வரைக்கும் வந்து ஆடியது. அவள் கடப்பாறையை நிறுத்திவிட்டுக் கயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தாள். குழியில் லாரி இல்லை. இஞ்சின் சத்தம் இல்லை. ஆறு நாள் மழைக்குப் பிறகு ஒரு காக்கா கத்துகிறது கூடத் தெளிவாகக் கேட்டது. அந்த ஆட்டம் அவன் கையிலிருந்து வந்தது.

"அம்சா! மேல வெடிச்சிகினு கீதுடி! தண்ணி கசியுது! உன் கால்ல வுழறேன், வந்துடும்மா!"

"ஏழு?"

"மயிரு ஏழு! ஏழும் வேணாம், எழவும் வேணாம்! நீ வா!"

அவள் பதில் சொல்வதற்குள் கயிறு விறைத்தது. கன்றுக்குட்டியைத் தொழுவத்திலிருந்து இழுக்கிற மாதிரி, முழங்கால் தேய, முழங்கை தேய, அவளைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டான். வெளிச்சம் கண்ணைக் கூசியது. அவன் நிறுத்தவில்லை. இழுத்துக்கொண்டே பின்வாங்கி, பதினைந்து முழம் தள்ளி வந்த பிறகும் கயிற்றை விடவில்லை. உதடு வெளுத்து, மீசையெல்லாம் கூழாக, கண்ணில் தண்ணி கொட்ட நின்றான். அப்படியே அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க.

ஞானம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து முனிரத்தினம் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னான், "மண்ணாங்கட்டி, மேல ஏறி சரிச்சிடலாம்பா. அஞ்சி முழமே போதும்."

மண்ணாங்கட்டி தலையை ஆட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு மேலே போனான். வழக்கமாக அஞ்சு கடப்பாறை இறக்கி, ஆறு குடம் தண்ணி ஊற்றி, ரெண்டு பேர் நெம்புகிற வேலை. அந்தக் கோட்டைத் தாண்டாமலே பத்திரமாக நின்று முதல் கடப்பாறையை விரிசலில் இறக்கினான். சம்மட்டியை எடுத்து ஒரு அடி அடித்தான். ரெண்டாவது அடிக்குக் கையை ஓங்கினான்.

மேடு உட்கார்ந்தது. மொத்தமாக. கடப்பாறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. தரை குலுங்கி, ஈரமண் பதினைந்து முழம் வரைக்கும் வழிந்து வந்து அவர்கள் காலடியில் நின்றது. மண்ணாங்கட்டி ஓங்கிய சம்மட்டியோடு மேலே அப்படியே நின்றான். யாரும் விசிலடிக்கவில்லை.

லாரி வந்து சேர்ந்தபோது மேஸ்திரி மண்ணைப் பார்த்து, "அடேங்கப்பா, அஞ்சி லோடு தேறுமே!" என்று குதித்தார். அப்புறம் எல்லாருடைய மூஞ்சியையும் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று ஞானம்மாவிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தார்.

மத்தியானம் முனிரத்தினம் ஒரு முளையை எடுத்துவந்து அடுத்த மேட்டுக்கு எதிரே அடித்தான். அதில் கயிற்றைக் கட்டினான். இடுப்பில் மறுநுனியைக் கட்டிக்கொண்டு மேட்டு அடியில் போய்க் குந்தினான். கயிறு நீளமாகக் கிடந்தது. எழுந்து வந்து சுருக்கினான். மறுபடி போய்ப் பார்த்தான். மூணு தரம் அப்படிச் சுருக்கிச் சுருக்கி, ரெண்டு முடிச்சுக்கு மேல் உள்ளே போக முடியாதபடி விறைத்து நிற்கிற அளவுக்கு வந்ததும் இறுக்கிக் கட்டினான். ரெண்டு முழம் என்றால் கால் வெளியேதான் இருக்கும்.

"இன்னா மாமே, பனங்கன்னுல கட்டின புள்ள மாதிரி" என்று சொல்லிவிட்டு மண்ணாங்கட்டி தன் கயிற்றுக்கும் ஒரு முளை தேடப் போனான்.

"அப்ப லோடு?" என்றான் பாண்டுரங்கன்.

"கொறையும்," என்றார் மேஸ்திரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "கொறஞ்சா கொறைஞ்சிட்டு போவட்டும். நீ வண்டிய பாரு."

சாயங்காலம் ஊர் திரும்பும் வழியில் அரசமரத்தடியில் நாவிதர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் ஒன்றும் சொல்லாமல் போய் அவர் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். அம்சவல்லி தூக்குவாளியும் கயிற்றுச் சுருளுமாக நின்றாள். எழுந்து வந்தபோது மேலுதடு வெள்ளையாக, அம்மணமாக, சின்னப் பையன் மாதிரி இருந்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத. சரோஜா பயந்துக்குமா?"

"யாரும்மா இந்த ஆளுன்னு கேக்கும்."

ஏரிக்கரை மேல் நடந்தார்கள். தண்ணி தளும்பிக்கொண்டிருந்தது. அவன் பாதிக் கரை வரைக்கும் முன்னால் நடந்தான். அப்புறம் நின்றான்.

"அம்சா, தினிக்கும் கயிறு ஆடும். உள்ள போவப் போவ ஜாஸ்தியா ஆடும். நான் கேட்டேன். வண்டி ஆட்டம்னு சொன்ன."

அவள் தூக்குவாளியை மறுகைக்கு மாற்றினாள்.

"இன்னிக்கி வண்டியே வர்லயே. என் கைய என்னால நிறுத்த முடியல. அப்பத்தான் எனுக்கு..." அவன் உதட்டைத் தடவினான், மீசை இருந்த இடத்தை. "இத்தினி நாளா நீ அப்டித்தான் நின்னுகினு இருந்தியா?"

"வேற எப்டி நிப்பாங்க?"

"அப்ப கொக்கியில சுத்தினது?"

அம்சவல்லி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் கை நடுங்கறது தெரிஞ்சா, உள்ள உன் கையும் நடுங்கும். ஓடி வரும்போது கால் தடுமாறும். அதான் வண்டியும் சேந்து ஆடட்டும்னு சுத்தினேன்."

முனிரத்தினம் அவள் தோளிலிருந்து கயிற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.